வேலை தேடாத ஒருவரை வேலைக்கு எடுத்தது: கோவை ஸ்பூல் கிரைண்டிங் பிரிவில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவை மலுமிச்சம்பட்டிப் பக்கம் 64 பேர் வேலை செய்யும் ஒரு யூனிட். ஹைட்ராலிக் வால்வுக்கான ஸ்பூல்தான் பிரதான உற்பத்தி. அங்கே ஆள் எடுப்பது, சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் பார்க்கிறவன் நான். 2023 ஜூனிலிருந்து 2024 கடைசி வரை நடந்ததை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

ஸ்பூல் என்பது சுண்டுவிரல் தடிமனுள்ள எஃகுத் தண்டு. வால்வுத் துளைக்குள் முன்னும் பின்னும் ஓடி எண்ணெயைத் திருப்பிவிடும். எங்கள் ஜாபில், அதாவது நாங்கள் செய்யும் உருப்படியில், தண்டுக்கும் துளைக்கும் நடுவே 6 முதல் 10 மைக்ரான் இடைவெளிதான் இருக்கலாம். ஒரு தலைமுடி சுமார் 70 மைக்ரான் இருக்கும். இடைவெளி கூடினால் எண்ணெய் கசியும், குறைந்தால் ஸ்பூல் சிக்கிக்கொள்ளும். இந்த அளவுக்குக் கொண்டுவருகிற கடைசி வேலை சிலிண்டிரிகல் கிரைண்டிங், அதாவது தண்டைச் சுழலவிட்டு அதன் வெளிப்பக்கத்தைச் சாணைச் சக்கரத்தால் தேய்ப்பது.

அந்த வேலையை 19 வருடம் பார்த்தவர் 2023 மே மாதம் 58 வயதில் ஓய்வு பெற்றார். அவருக்குக் கீழே இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். மெஷின் ஓட்டுவார்கள். ஆனால் ஏதாவது மாறினால் ஏன் மாறியது என்று சொல்லத் தெரியாது. ஜூலையில் வாடிக்கையாளரிடமிருந்து ஒரு லாட் (ஒரு தொகுதிச் சரக்கு) திரும்பி வந்தது. ஸ்பூல் வால்வுக்குள் சிக்குகிறதாம். அளந்து பார்த்தால் விட்டம் சரியாக இருந்தது. அடுத்த லாட்டிலும் அதே கதை.

வழக்கமான வழிகள்

தினசரியில் வரி விளம்பரம் கொடுத்தோம். வேலைவாய்ப்பு ஆப் இரண்டில் போட்டோம். கேட்டில் போர்டு வைத்தோம். எங்கள் ஆட்களிடமும் சொல்லிவைத்தோம், ஆள் கூட்டிவந்தால் 5,000 ரூபாய் என்று. இரண்டு மாதத்தில் 31 பேர் பேசினார்கள், நான்கு பேரை ட்ரையல் பார்த்தோம். ஒருவர் மூன்று நாள் வந்தார்.

இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஐ.டி.ஐ. முடித்து வரும் பையன்கள் சி.என்.சி., வி.எம்.சி. என்று கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின்களைத்தான் கேட்கிறார்கள். கிரைண்டிங் என்றால் தூசி, கூலன்ட் நாற்றம், பழைய மெஷின் என்று ஒரு பெயர். அதனால் நன்றாகத் தெரிந்தவர்கள் எல்லாம் 35 வயதைத் தாண்டியவர்கள். ஒரே பட்டறையில் பத்து வருடம், பதினைந்து வருடம் இருப்பவர்கள். பயோடேட்டா என்ற ஒன்றையே வைத்திருக்க மாட்டார்கள். விளம்பரம் பார்க்கிற பழக்கமும் கிடையாது. வேலை தேடுகிறவர்களுக்கான வழியில் வேலை தேடாதவர்களைத் தேடிக்கொண்டிருந்தோம்.

ஒரு போன், ஒரு வாரத் தலைவலி

ஆகஸ்டில் ஒரு தப்பு செய்தேன். எங்களுக்கு ஜாப் ஒர்க் (கூலிக்கு உருப்படி வேலை) செய்து கொடுக்கும் ஒரு சின்ன யூனிட்டில் நல்ல கிரைண்டிங்காரர் இருந்தார். அவருடைய நம்பர் கிடைத்ததும் காலை 11 மணிக்கு நேராகப் போன் செய்து, "எங்க கம்பெனிக்கு வர்றீங்களா, சம்பளம் பேசிக்கலாம்" என்றேன். கை முழுக்க கூலன்ட், அதனால் ஸ்பீக்கரில் போட்டிருந்திருக்கிறார். பக்கத்தில் ஃபோர்மேன்.

சாயங்காலத்துக்குள் விஷயம் அந்த முதலாளிக்குப் போய்விட்டது. அவர் எங்கள் முதலாளியைக் கூப்பிட்டு ஒரே வரிதான் கேட்டாராம்: "ஜாப் குடுக்கறீங்களா, ஆளை எடுக்கறீங்களா?" எங்கள் ஜாப் ஒரு வாரம் வரவில்லை. அந்தத் தொழிலாளியின் நிலைமைதான் இன்னும் மோசம். அவர் கேட்காத ஒரு வேலைக்காக, அவர் முதலாளி அவரைச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். முதலாளி ஏற்றுக்கொண்டார். அந்தத் தொழிலாளி இன்றுவரை என் போனை எடுப்பதில்லை.

எடுத்த முடிவுகள்

அதற்குப் பிறகு முதலாளியும் நானும் புரொடக்‌ஷன் மேனேஜரும் உட்கார்ந்து பேசினோம். எங்களுக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர்கள், நாங்கள் ஜாப் செய்து கொடுக்கிறவர்கள் யாரிடமிருந்தும் ஆள் எடுப்பதில்லை என்று முடிவாயிற்று. அப்படி 17 யூனிட்டுகள். நல்ல ஆட்களில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள் என்பதால் இது சுலபமான முடிவாக இல்லை. மேனேஜருக்கு இதில் இன்றுவரை உடன்பாடு கிடையாது.

வேலை நேரத்தில் யாரையும் கூப்பிடக் கூடாது என்பது இரண்டாவது. முதல் பேச்சில் வேலை, சம்பளம் என்ற வார்த்தையே வரக்கூடாது என்பதையும் சேர்த்தேன். முதலாளி சிரித்தார். "அப்புறம் எதைப் பேசுவீங்க?" என்றார். எங்களிடம் பேச ஒரு விஷயம் இருந்தது. திரும்பி வந்த ஸ்பூல்கள்.

ஆளைக் கண்டுபிடித்தது

யார் நல்ல கிரைண்டிங்காரர் என்பது யாருக்குத் தெரியும்? மெஷின் சர்வீஸுக்கு வருகிறவருக்கும், கிரைண்டிங் வீல் (சாணைச் சக்கரம்) விற்கிறவருக்கும் தெரியும். வீல் விற்பனையாளர் ஒருவர் மாதம் ஒரு முறை எங்களிடம் வருவார். "எங்களுக்கு ஆள் சொல்லுங்க" என்று அவரிடம் நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் அவருடைய மற்ற வாடிக்கையாளர்களிடம் அவர் பிழைப்பு கெட்டுவிடும். "இந்த ஸ்பூல் ஏன் சிக்குதுன்னு சொல்லக்கூடியவர் யாராவது இருக்காங்களா?" என்றுதான் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. கணபதியில் ஒரு பட்டறையைச் சொன்னார். அங்கே இருக்கும் ஒருவர் மட்டும், வீல் தீர்ந்தால் போன தடவை வாங்கினதையே கொடு என்று கேட்க மாட்டாராம். எந்த மெட்டீரியல், எத்தனை ஹார்டு என்று சொல்லி அதற்கேற்ற கிரேடு கேட்பாராம். அந்தப் பட்டறை எங்கள் 17-இல் இல்லை.

அவருக்கு வயது 41, அங்கே 11 வருடம். விற்பனையாளர் அவரிடம் கேட்டுவிட்டு நம்பர் கொடுத்தார். இரவு எட்டரைக்கு மேல் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறனுங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

2023 அக்டோபர் 29, ஞாயிறு

ஆயுத பூஜை முடிந்து ஆறு நாள். மெஷின்களில் சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது. வாழைக்கன்று வாடி ஒரு மூலையில் கிடந்தது.

டீ வேண்டாம் என்றுவிட்டு நேராக ஸ்பூல் இருக்கும் ட்ரேக்குப் போனார். எங்கள் மேனேஜர் மைக்ரோமீட்டரை நீட்டினார், அவர் வாங்கவில்லை. ஸ்பூலைத் திருப்பி அதன் முனையிலிருக்கும் சென்டர் குழியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார், மறுபடியும் முனை. ஏழெட்டு பார்த்திருப்பார். அப்புறம் வீ பிளாக்கும் (தண்டை உட்காரவைக்கும் V வடிவப் பள்ளமுள்ள கட்டை) மைக்ரான் டயலும் (மைக்ரான் கணக்கில் ஏற்ற இறக்கம் காட்டும் முள் கருவி) கேட்டார்.

ஸ்பூலை வீ பிளாக்கில் வைத்து, டயலை மேலே தொடவைத்து மெல்ல உருட்டினார். முள் ஏறி இறங்கியது. மறுபடி ஏறியது, இறங்கியது. ஒரு சுற்றில் மூன்று தடவை.

"மைக் சரியாத்தான் காட்டுமுங்க. மூணு மூலை இருந்தா மைக்குக்குத் தெரியாது."

நடந்தது இதுதான். மைக்ரோமீட்டர் எதிரெதிரே இரண்டு புள்ளிகளைத்தான் தொடும். லேசாக மூன்று மூலை தள்ளிய வட்டத்தில் எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அளவு வரும், ஏனென்றால் ஒரு பக்கம் மூலை என்றால் அதற்கு நேர் எதிரே தட்டையாக இருக்கும். துளைக்குள் போகும்போதுதான் மூலைகள் இடிக்கும். மூலை ஏன் வந்தது? சிலிண்டிரிகல் கிரைண்டிங்கில் ஜாப் சுற்றுவது சென்டர் குழிகளின் மேல்தான். ஹீட் ட்ரீட்மென்ட் முடிந்து வந்ததும் அந்தக் குழிக்குள் செதில் ஒட்டியிருக்கும், குழியும் கொஞ்சம் கோணியிருக்கும். அதை லேப்பிங் செய்து, அதாவது மெல்லத் தேய்த்துச் சரிசெய்து, சுத்தம் பண்ணாமல் கிரைண்டிங் செய்தால் குழியின் கோணல் வெளிவிட்டத்தில் வந்து உட்காரும்.

ஓய்வு பெற்ற பெரியவர் ஒவ்வொரு ஸ்பூலுக்கும் சென்டரை லேப்பிங் செய்துகொண்டிருந்திருக்கிறார். ஒன்றுக்கு அரை நிமிஷம் ஆகும். என்னென்ன வேலை எந்த வரிசையில் என்று எழுதிய பிராசஸ் ஷீட்டில் அந்த வேலையே இல்லை. 19 வருடமாக யாரும் எழுதிவைக்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது, நாங்கள் கேட்டதே இல்லையே.

2,000 ரூபாய் கவரில் போட்டுக் கொடுத்தோம், வாங்க மறுத்துவிட்டார். கிளம்பும் முன் எங்கள் இரண்டாவது மெஷினைச் சுற்றி வந்தார். ஆள் இல்லாமல் அது ஆறு மாதமாக நின்றிருந்தது. ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல மெஷினுங்க இது" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இனி அவர் வேண்டுமா?

திங்கட்கிழமை முதலாளி கேட்டது நியாயமான கேள்விதான். சென்டர் லேப்பிங்கை பிராசஸ் ஷீட்டில் சேர்த்தாயிற்று, பிரச்சினை தீர்ந்தது. அப்புறம் எதற்கு இவ்வளவு சம்பளத்தில் ஒருவர்?

என் பதில்: தீர்ந்தது இந்தப் பிரச்சினை. ஏழு பேர் மூன்று மாதம் விட்டத்தையே அளந்துகொண்டிருந்தோம். அடுத்தது எதுவாக இருக்கும் என்று நமக்குத் தெரியாது. மேனேஜர் இதில் என் பக்கம் நின்றார். அவருக்கு இரண்டாவது மெஷினை ஓட்டியாக வேண்டும். இன்னொரு காரணத்தை நான் வெளியில் சொல்லவில்லை. அறிவை வாங்கிக்கொண்டு ஆளை விட்டுவிடுவது எனக்கு உறுத்தியது.

வேலையைப் பற்றிப் பேசியது

தீபாவளி நவம்பர் 12. அதற்கு முன் பேசவில்லை. போனஸுக்கு முன்னால் யாரும் வேலை மாற மாட்டார்கள். பேச்சு கசிந்தால் போனஸில் கைவைக்கக்கூடிய முதலாளிகளும் உண்டு. தீபாவளி கழித்து, இரண்டாவது ஞாயிறு அவரைப் பார்த்துக் கேட்டேன்.

"நான் வேலை தேடலீங்களே" என்றார்.

தெரியும் என்றேன். இங்கே என்ன இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். இரண்டு மெஷின், பகல் ஷிஃப்ட், வீலை அவரே முடிவு செய்யலாம், கீழே இரண்டு பையன்கள். சம்பளம் 34,000. அங்கே அவருக்கு 20,800, அது போக ஓ.டி. சுமார் 8,000. ஓ.டி. என்றால் தினமும் 12 மணி நேரம். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பையன்கள் சொன்னால் கேட்பார்களா?

பிறகு தெரிந்தது, அவர் பட்டறையில் முதலாளியின் மகன் எல்லாவற்றையும் வி.எம்.சி.க்கு மாற்றிக்கொண்டிருந்தார். கிரைண்டிங் வெளியே ஜாப் ஒர்க்குக்குப் போக ஆரம்பித்திருந்தது. அவரை யாரும் போகச் சொல்லவில்லை, வேலைதான் மெல்லக் குறைந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குப் போனது

எங்கள் கணக்கில் இல்லாத கேள்விகள் அவர் மனைவியிடமிருந்து வந்தன. அவர்தான் என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து கேட்டார்:

"சம்பளம் ஏறுனா ஈ.எஸ்.ஐ. போயிருமில்லைங்க? அத்தைக்கு மாத்திரை எங்க வாங்கறதுங்க?"

மாமியாருக்கு முந்தின வருடம் ஸ்டென்ட் வைத்திருந்தது. மாத்திரை மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில். அப்போது ஈ.எஸ்.ஐ.யில் இருப்பதற்கான சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். ஓ.டி. அந்த வரம்புக் கணக்கில் வராது. 20,800-இல் நிற்கும் சம்பளம் தற்செயல் இல்லை. இதே 21,000-தான் அப்போது போனஸ் சட்டத்துக்கும் வரம்பு. ஆக எங்கள் 34,000 அவர்களுடைய மருந்தையும் சட்டப்படியான போனஸையும் ஒரே நேரத்தில் பறிக்கிற தொகை. ஈ.எஸ்.ஐ. கணக்கை மாதாமாதம் பார்க்கிற எனக்கு இது தோன்றவே இல்லை.

அடுத்தது முன்பணம். மகள் சீருக்கு வாங்கிய 60,000 பழைய முதலாளியிடம் பாக்கி இருந்தது. அந்தச் சீருக்கு அவர் முன்னால் வந்து நின்றவர். "அவர் மூஞ்சில எப்படிங்க முழிக்கறது" என்றார் இவர். எங்கள் முதலாளி, பாக்கியை நாமே கட்டிவிடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். கடனை அங்கிருந்து இங்கே மாற்றினால் ஆளை விலைக்கு வாங்கின மாதிரி ஆகிவிடும். நாளைக்கு அவர் போக நினைத்தால் அதே கயிறு நம் கையில் இருக்கும்.

வழி கிராஜுவிட்டியில் (வேலையை விட்டுப் போகும்போது வரும் பணிக்கொடை) இருந்தது. தானாக வேலையை விட்டால் கிராஜுவிட்டி கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஐந்து வருடம் முடித்திருந்தால் ராஜினாமா செய்தாலும் உண்டு. 26 நாளை ஒரு மாதமாகக் கணக்கிட்டு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம். அவருடைய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 15,600. அதாவது ஒரு நாளைக்கு 600, வருடத்துக்கு 9,000, 11 வருடத்துக்கு 99,000. அவர்கள் வீட்டுக் காலண்டரின் பின்புறம் இதை எழுதிக் காட்டினேன். 60,000 போக மீதி 39,000 என்று அவர் மனைவி கீழே எழுதினார்.

மருந்துக்கு, பெற்றோரையும் சேர்க்கும் குரூப் மெடிக்கல் பாலிசியும், அதில் வராத மாத்திரைச் செலவுக்கு மாதம் 2,500-ம் தருவதாகச் சொன்னோம். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் சதவீதத்திலேயே போனஸ் என்பதையும் வேலை ஆர்டரில் எழுதினோம்.

டிசம்பர்

அவரே போய் முதலாளியிடம் சொன்னார். அது எங்கள் நிபந்தனை இல்லை, அவர் அப்படித்தான் செய்வேன் என்றார். முதலாளி 5,000 கூட்டித் தருவதாகச் சொன்னார். ஒரு வாரம் இவரிடமிருந்து பேச்சே இல்லை.

நானும் கூப்பிடவில்லை. மேனேஜர் தினமும் "என்ன ஆச்சு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒரு வாரம் எனக்குத் தூக்கம் சரியில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அழுத்தி வரவழைத்தவர் ஆறு மாதத்தில் அதே மாதிரி இன்னொருவர் அழுத்தத்துக்குப் போய்விடுவார் என்பது என் எண்ணம். எட்டாம் நாள் அவரே கூப்பிட்டு, தை பிறந்ததும் வருகிறேன் என்றார். பழைய முதலாளி கிராஜுவிட்டியை மூன்று வாரத்தில் கொடுத்துவிட்டார். இவர் அதே வாரம் முன்பணத்தைத் திருப்பிக் கட்டினார். 2024 ஜனவரி 18 அன்று எங்களிடம் சேர்ந்தார்.

பிறகு நடந்தவை

இரண்டாவது மெஷின் பிப்ரவரியில் ஓடியது. வட்டம் சரியில்லை என்று அதற்குப் பிறகு ஒரு லாட்டும் திரும்பி வரவில்லை. ஏப்ரலில் வேறு ஒரு பிரச்சினை வந்தது, ஸ்பூல் மேல் மெல்லிய வரிவரியாக அதிர்வுத் தடம். வீல் பேலன்ஸ் சரியில்லை என்று அன்றைக்கே பிடித்தார். அவர் செய்வதை ஒரு பையன் நோட்டில் எழுதுகிறான். சரியாகத்தான் எழுதுகிறானா என்று மேனேஜர் சனிக்கிழமை பார்க்கிறார்.

எங்கள் பக்கம் சொதப்பல் ஒன்று நடந்தது. பாலிசியில் அவர் அம்மாவின் பெயர் ஏற 40 நாள் ஆகிவிட்டது. சேர்ந்த பிறகுதான் நான் விண்ணப்பித்தேன். அந்த நாட்களில் ஒன்றும் ஆகவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். மாத்திரைப் பணமும் முதல் மாதம் தாமதம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் மனைவி கேட்டார்.

எங்கள் பழைய ஆட்களிடம் முணுமுணுப்பு வந்தது. 14 வருடம் இருக்கும் செட்டருக்கு (மெஷினை வேலைக்குத் தயார்செய்கிறவர்) 29,000, வெளியிலிருந்து வந்தவருக்கு 34,000. இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். மே மாதம் ஆறு பேருக்குச் சம்பளத்தைத் திருத்தினோம். அதற்குள் ஒருவர் போய்விட்டார்.

அரசூரில் இன்னொருவரிடமும் இதே காலத்தில் பேசியிருந்தோம். அப்போது முடியாது என்றவர், பத்து மாதம் கழித்து அவராகவே கூப்பிட்டார். அப்போது எங்களிடம் இடம் இல்லை.

எதை மாற்றுவேன்

ஓய்வு பெறப் போகிறவரோடு கடைசி ஆறு மாதம் ஒருவரை நிறுத்தி, அவர் கை செய்வதையெல்லாம் எழுதச் சொல்லியிருப்பேன். பாதிச் செலவு அங்கேயே மிச்சம். உள்ளே இருப்பவர்களின் சம்பளத்தை, வெளியாளுக்குத் தொகை சொல்வதற்கு முன்பே பார்த்திருப்பேன். பாலிசியில் பெயர் ஏறின பிறகே சேரும் தேதியைக் குறிப்பேன். வீட்டுக்குப் போவதை மூன்றாவது சந்திப்புக்குத் தள்ளியிருக்க வேண்டியதில்லை. வேலையைப் பற்றிப் பேச்செடுத்ததுமே, வீட்டில் யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டிருக்கலாம். இப்போது இடம் காலியாக இல்லாதபோதும் ஒரு நோட்டில் பெயர்கள் எழுதிவைக்கிறேன். வருடத்துக்கு இரண்டு முறை, வேலை கேட்காமல் சும்மா பேசுகிறேன். அரசூர்க்காரர் பெயரும் அதில் இருக்கிறது.

இன்னொன்று பாக்கி. கணபதிப் பழைய முதலாளி மாதம் ஒரு ஞாயிறு இவரைக் கூப்பிடுகிறார், மிச்சமிருக்கும் ஒரு கிரைண்டிங் மெஷினைப் பார்த்துக் கொடுக்கச் சொல்லி. இவர் முதல் தடவை என்னிடம் கேட்டார். போய்ட்டு வாங்க என்றேன். வேறு இடத்தில் வேலை செய்யக் கூடாது என்று எங்கள் ஆர்டரில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை இன்னும் திருத்தவில்லை.